கீரைப் பாத்தியில் பூனை... பக்கத்து வீட்டோடு பகை! தீர்வு என்ன?

‘எங்கள் வீட்டுப் புழக்கடையில் இரண்டு சென்ட்டில் கீரை, கொத்தமல்லி, தக்காளி, கத்திரி போட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் வளர்க்கும் மூன்று பூனைகளும் தினமும் வந்து பாத்தியைப் பறித்து அசிங்கம் செய்துவிட்டுப் போகின்றன. விதைத்த கீரை முளைப்பதற்குள் கிளறிவிடுகின்றன. சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ‘வாயில்லா ஜீவனை நான் என்ன கட்டியா வைக்க முடியும்?’ என்கிறார். இப்போது இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. பூனைக் கழிவால் கர்ப்பிணிகளுக்கு ஆபத்து என்று யாரோ சொன்னதிலிருந்து பயமாக இருக்கிறது. என் வீட்டுக்காரர் மருந்து வைத்துவிடலாம் என்கிறார். வைக்கலாமா?’

திருவண்ணாமலை மாவட்டம், செய்யாறு பக்கத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதிய கடிதம் இது. வழக்கமாக இப்படிப்பட்ட கேள்விக்கு நாலு வரியில் பதில் போட்டுவிடுவோம். ஆனால், கடைசி வரியைப் படித்த பிறகு நேரில் போய் இரண்டு வீட்டாரிடமும் பேசிவிட்டு எழுதுவதுதான் சரி என்று தோன்றியது.

இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது!

முதலில் கடிதம் எழுதிய வாசகியின் தோட்டத்தைப் பார்த்தோம். சிறுகீரைப் பாத்தியில் உள்ளங்கை அகலத்துக்கு ஏழெட்டு இடங்களில் மண் குவிந்திருந்தது. ஒவ்வொன்றுக்கு அடியிலும் பூனைக் கழிவு. “பாத்தி கட்டி, எரு போட்டு, விதை தூவினது நான். கக்கூஸா பயன்படுத்துறது அவங்க பூனை. கீரைக்கட்டு வித்து வாரத்துக்கு ஏதோ கைச்செலவுக்கு வந்துக்கிட்டு இருந்துச்சு. இப்ப தெருவுல யாரும் என்கிட்ட கீரை வாங்க மாட்டேங்குறாங்க” என்றார்.

அடுத்து, வேலிக்கு அந்தப் பக்கம் போனோம். பூனை வளர்ப்பவர் இவரைவிடப் பத்து வயது மூத்தவர். தனியாக இருக்கிறார். திண்ணையை ஒட்டிய அறையில் விதைக்கடலை மூட்டைகள் அடுக்கியிருந்தன. “ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எலி பூந்து ஒரு மூட்டை விதைக்கடலையை நாசம் பண்ணிடுச்சு. அதுக்கப்புறம்தான் பூனைக்குச் சோறு வெச்சேன். ஒண்ணு மூணாச்சு. அதுங்க வந்த பிறகு எலித் தொல்லை இல்ல. இருபது வருஷமா அவ என்னை ‘அக்கா’ன்னுதான் கூப்பிடுவா. பூனைக்காக என்கிட்ட பேசறதை நிறுத்திட்டா. விஷம் வைப்பேன்னு வேற ஊர்ல சொல்றாங்களாம்” என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒருவருக்குக் கீரை, மருமகளின் உடல்நலம். இன்னொருவருக்கு விதைக்கடலை, தனிமைக்குத் துணை. இரண்டும் நியாயமானவைதான். தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. மனிதன் விவசாயம் செய்யத் தொடங்கிய காலத்தில் ஏற்பட்ட உறவு இது. எனவே, விவசாயி வீட்டில் பூனையே இருக்கக் கூடாது என்று சொல்ல முடியாது. அதற்காக, பக்கத்து வீட்டுப் பாத்தியை அது கழிப்பிடமாக்கிக்கொள்வதையும் பொறுத்துக்கொள்ளச் சொல்ல முடியாது.

பூனை ஏன் பாத்தியைத் தேடி வருகிறது?

கழிவைத் தோண்டிப் புதைப்பது பூனையின் பிறவிக் குணம். அதற்குக் காய்ந்த, பொலபொலப்பான, எளிதாகப் பறிக்கக்கூடிய மண் வேண்டும். நாம் விதைப்பதற்காகக் கொத்தி, கட்டி உடைத்து, மட்கிய எருவைத் தூவி வைக்கும் பாத்தி அதற்கு மிகவும் தோதான இடம். கீரை வளர்ந்து மண்ணை மூடிய பிறகு பெரும்பாலும் அந்தப் பக்கம் வராது. ஆக, விதைத்த நாளிலிருந்து பயிர் மண்ணை மூடும் வரையிலான மூன்று வாரங்கள்தான் முக்கியமான காலம். அந்த நாள்களில் பாத்தியைக் காப்பாற்றினால் பாதிப் பிரச்னை தீர்ந்தது.

இன்னொரு விஷயம்... ஒருமுறை பழகிய இடத்துக்கே பூனை திரும்பத் திரும்ப வரும். தன் கழிவின் வாசனைதான் அதற்கு அடையாளம். ஆகவே, கழிவை மண்ணோடு சேர்த்து அள்ளி அகற்றாமல் எந்த வேலி போட்டாலும் பலன் குறைவுதான்.

கர்ப்பிணிகளுக்கு உண்மையிலேயே ஆபத்தா?

வாசகியின் பயத்தில் உண்மை இருக்கிறது. ஆனால், சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ‘டாக்சோபிளாஸ்மா’ என்று ஒரு நுண்ணிய ஒட்டுண்ணி இருக்கிறது. அது முட்டை போன்ற வடிவில் வெளியேறுவது பூனை இனத்தின் கழிவில் மட்டும்தான். எலியையோ, பறவையையோ தின்று முதல்முறையாகத் தொற்று வாங்கிய பூனை, சுமார் ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரை இதைக் கழிவில் வெளியேற்றும். பெரும்பாலும் இளம் பூனைகள்தான் இப்படி வெளியேற்றும். எல்லாப் பூனையும், எல்லா நாளும் நோயைப் பரப்புவதில்லை.

வெளியே வந்த உடனே அது தொற்றாது. தொற்றும் நிலைக்கு மாற ஒன்று முதல் ஐந்து நாள்கள் ஆகும். ஆகவே, கழிவை அன்றன்றே அள்ளி அகற்றினால் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். அள்ளாமல் விட்டால், ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் ஓர் ஆண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கும்.

பெரும்பாலானோருக்கு இந்தத் தொற்று வந்துபோனதே தெரியாது. ஆனால், கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால் கருவில் உள்ள குழந்தையைப் பாதிக்கலாம், கருச்சிதைவும் ஏற்படலாம். அதனால் கர்ப்பிணிகள் இவற்றைக் கடைப்பிடிப்பது நல்லது.

• பூனைக் கழிவை அள்ளும் வேலையையும், வெறுங்கையால் மண் கிளறுவதையும் வீட்டில் வேறு யாராவது செய்யட்டும். வேறு வழியில்லை என்றால் கையுறை போட்டுக்கொண்டு, முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.

• கொத்தமல்லி, புதினா, வெள்ளரி, முள்ளங்கி, தக்காளி போன்றவற்றை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். உப்பு, மஞ்சள் தண்ணீரில் ஊற வைத்தால் இந்த ஒட்டுண்ணி சாகாது. பிளீச்சிங் பவுடருக்கும் அசையாது. தேய்த்துக் கழுவி அகற்றுவதுதான் வழி. கொதிக்க வைத்துச் சமைத்தால் இறந்துவிடும்.

• அரைவேக்காட்டு இறைச்சி மூலமாகவும் இதே தொற்று வரும். பூனையே இல்லாத வீட்டிலும் இறைச்சியை நன்றாக வேக வைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

• சந்தேகம் இருந்தால், பரிசோதனைக்குப் போகும்போது மருத்துவரிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பார்.

பூனையைத் தொட்டதாலேயே கரு கலைந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. கையில் ஒட்டிய மண்ணும் கழிவும் வாய்க்குள் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். பூனைக் கழிவில் கொக்கிப்புழு, உருளைப்புழு ஆகியவையும் இருக்கலாம். வெறுங்காலில் மண்ணில் விளையாடும் குழந்தைகளுக்குத் தோலில் கோடு கோடாக அரிப்பு வருவதற்கு இந்தக் கொக்கிப்புழு ஒரு காரணம்.

ஆடு வளர்ப்பவர்களும் கவனிக்க வேண்டும். இதே டாக்சோபிளாஸ்மா ஆடுகளிலும் சினைச் சிதைவை உண்டாக்கும். குட்டி செத்துப் பிறக்கவும் காரணமாகும். தீவன மூட்டை, தவிடு, வைக்கோல் மீது பூனை கழிவு போடாதபடி மூடி வையுங்கள். ஆடுகளுக்குச் சினைச் சிதைவு ஏற்பட வேறு நோய்களும் காரணம் என்பதால், பூனை மீது பழி போடுவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டிப் பரிசோதிப்பது நல்லது. சிதைந்த குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடக் கூடாது. கர்ப்பிணிகள் அருகிலேயே போகக் கூடாது.

தோட்டக்காரர் செய்ய வேண்டியவை!

1. பாத்தியில் உள்ள கழிவை, சுற்றிலும் மூன்று விரற்கடை ஆழ மண்ணோடு சேர்த்து அள்ளி, கிணற்றுக்கும் காய்கறிப் பாத்திக்கும் தள்ளி ஓரடி ஆழத்தில் புதையுங்கள். எருக்குழியில் போடாதீர்கள். வீட்டு எருக்குழியில் இந்த ஒட்டுண்ணி சாகும் அளவுக்குச் சூடு எல்லா இடத்திலும் ஏறாது.

2. விதைத்தவுடன் பாத்தி மீது தென்னை ஓலையைப் பரப்புங்கள். முளை வந்ததும் ஓலையை எடுத்துவிட்டு, நாலு மூலையிலும் குச்சி ஊன்றி, பழைய மீன்வலையையோ நைலான் வலையையோ இழுத்துக் கட்டுங்கள். வலை தொய்வாக இருந்தால் பூனையோ, பறவையோ சிக்கிக்கொள்ளும். விறைப்பாகக் கட்ட வேண்டும்.

3. கத்திரி, தக்காளி, மிளகாய் போன்ற செடிகளுக்கு இடையே கோழிவலைக் கம்பியைத் தரையோடு படிய விரித்து, மேலே லேசாக மண் தூவிவிடலாம். செடி வளரும்; பூனையால் தோண்ட முடியாது.

4. வலை வாங்க வசதி இல்லையென்றால், அரையடி இடைவெளியில் குச்சிகளை நெருக்கமாக ஊன்றலாம். திரும்பவும் குந்தவும் இடமில்லாத இடத்தில் பூனை கழிவு போடாது. தென்னை மட்டைத் துண்டுகள், கரும்புச் சோகை போன்ற கரடுமுரடான பொருள்களால் மூடாக்குப் போடுவதும் நல்ல பலன் தரும். மண் ஈரமும் காக்கப்படும்.

5. சாயங்காலம் தண்ணீர் பாய்ச்சுங்கள். பூனைகள் அதிகமாக நடமாடுவது அந்தியிலும் விடியற்காலையிலும்தான். அந்த நேரத்தில் மண் ஈரமாக இருந்தால் வேறு இடம் தேடிப் போகும்.

எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல், காபித்தூள் சக்கை போன்றவற்றைச் சிலர் போடுகிறார்கள். வாசனை இருக்கும்வரை ஓரளவு பலன் தரும். வெயிலிலும் மழையிலும் வாசனை போய்விடும். இதை மட்டும் நம்ப வேண்டாம். காபிச் சக்கையைத் தின்றால் நாய்க்கு ஆகாது என்பதையும் மறக்க வேண்டாம்.

பூனை வளர்ப்பவர் செய்ய வேண்டியவை!

வேலியைத் தாண்டாதே என்று பூனையிடம் சொல்ல முடியாதுதான். ஆனால், தாண்ட வேண்டிய தேவை இல்லாமல் செய்ய முடியும்.

1. உங்கள் கொல்லையிலேயே, ஆள் நடமாட்டம் குறைந்த நிழலான மூலையில் மூன்றடிக்கு இரண்டடி அகலத்தில் அரையடி ஆழம் தோண்டி, காய்ந்த மணலை நிரப்புங்கள். மழை படாமல் மேலே பழைய தகரமோ, ஓலையோ போடுங்கள். அடுத்த வீட்டுப் பாத்தியில் அள்ளிய கழிவில் கொஞ்சத்தை இதில் புதைத்து வைத்தால், வாசனையை வைத்துப் பூனை பழகிக்கொள்ளும். மூன்று பூனைகளுக்கு ஒரு குழி போதாது. இரண்டு, மூன்று இடங்களில் அமைப்பது நல்லது.

2. தினமும் ஒருமுறை கழிவை அள்ளிப் புதையுங்கள். குழி அசுத்தமானால் பூனை மறுபடியும் அடுத்த வீட்டுக்குத்தான் போகும்.

3. கருத்தடை செய்யுங்கள். பெண் பூனை நாலைந்து மாத வயதிலேயே சினைக்கு வந்துவிடும். சினைக்காலம் ஒன்பது வாரங்கள்தான். ஒரு ஈற்றில் மூன்று முதல் ஐந்து குட்டிகள். ‘ஒன்று மூன்றானது’ இப்படித்தான், விட்டால் பத்தாகும். கருத்தடை செய்த ஆண் பூனை, சுவரிலும் செடியிலும் சிறுநீர் பீய்ச்சுவதும் ஊர் சுற்றுவதும் குறையும். கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த அறுவை சிகிச்சை செய்கிறார்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் இந்தக் கல்லூரிகள் இருக்கின்றன. பக்கத்துக் கால்நடை மருத்துவமனையில் விசாரித்துவிட்டுப் போகலாம்.

4. குடற்புழு நீக்க மருந்தும், மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசியும் போட வேண்டும்.

மருந்து வைக்கலாமா? வேண்டவே வேண்டாம்!

வாசகியின் முக்கியமான கேள்விக்கு வருவோம். விஷம் வைப்பது பாவம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். விஷத்துக்குப் பூனை, கோழி என்று பேதம் தெரியாது. பூனைக்கு வைத்த கருவாட்டை உங்கள் கோழியோ, நாயோ தின்னலாம். தவழும் குழந்தை கையில் எடுக்கலாம். கீரைப் பாத்தியில் பூச்சிமருந்தைத் தெளித்து வைத்தால், அதே கீரை உங்கள் உலைக்குத்தான் வரும். ஃபினாயில், அந்துருண்டை ஆகியவையும் பூனைக்குக் கடுமையான விஷம்தான்.

சட்டமும் இதை அனுமதிப்பதில்லை. விலங்குகளைக் கொல்வது, விஷம் வைப்பது, முடமாக்குவது ஆகிய குற்றங்களுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 325-ம் பிரிவின்படி ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்க முடியும். 1960-ம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. ‘சாக்கில் கட்டி நாலு ஊர் தள்ளி விட்டுவிடலாம்’ என்பதும் தீர்வல்ல. பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி வளர்ப்பு விலங்கைக் கைவிடுவதும் அந்தச் சட்டத்தின்படி குற்றம்தான். தவிர, பல பூனைகள் வழி கண்டுபிடித்துத் திரும்பிவிடும்.

‘என் ஆடு மேய்ந்தால் பட்டியில் அடைக்கிறார்கள், பூனையை அடைக்க முடியாதா?’ என்று வாசகியின் கணவர் கேட்டார். 1871-ம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டத்தில் ஆடு, மாடு, பன்றி, யானை, ஒட்டகம் எல்லாம் சொல்லப்பட்டிருக்கின்றன, பூனை இல்லை. பேசித் தீரவில்லை என்றால் ஊராட்சித் தலைவர், ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பேசலாம். அதற்கும் மேல் தேவைப்பட்டால், வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்து, இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் செய்யக் கேட்கலாம். 15100 என்ற எண்ணில் இலவச சட்ட ஆலோசனை கிடைக்கும். நம் அனுபவத்தில், இந்த மாதிரி சண்டை நீதிமன்றம் வரை போனால் செலவாவதுதான் மிச்சம்.

எப்படிப் பேசுவது?

கழிவை அள்ளிக்கொண்டுபோய் அடுத்த வீட்டு வாசலில் கொட்டுவது, தெருவில் நின்று சத்தம் போடுவது போன்றவை எதிராளியை முறுக்கிக்கொள்ளத்தான் வைக்கும். நிதானமாக இருக்கும் நேரத்தில் அவரை அழைத்து, பாத்தியை நேரில் காட்டுங்கள். ‘உன் பூனையைத் துரத்து’ என்று சொல்வதைவிட, ‘நான் வலை கட்டுகிறேன். நீங்கள் மணல்குழி போடுங்கள்’ என்று இருவருக்கும் வேலையைப் பிரித்துப் பேசுங்கள். பூனை வளர்ப்பவரும், ‘என் பூனை இல்லை’ என்று சாதிக்காமல், சேதமான விதைக்கு ஈடு கொடுக்க முன்வந்தால் பாதிக் கோபம் அங்கேயே தணிந்துவிடும்.

நாம் போன அன்று செய்ததும் இதைத்தான். மூத்தவரைப் பாத்திக்கு அழைத்து வந்தோம். கர்ப்பிணி மருமகள் விஷயம் அதுவரை அவருக்குத் தெரியாது. “புள்ளத்தாச்சி இருக்கிறதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேம்மா” என்றார். “பேசினாத்தானேக்கா சொல்றதுக்கு” என்றார் இவர். அதற்குப் பிறகு நாம் பேச வேண்டிய வேலை அதிகம் இருக்கவில்லை. மணலை வாசகியின் கணவரே தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் கொட்டினார்.

ஒரு மாதம் கழித்து வாசகி தொலைபேசியில் அழைத்தார். மூன்று பூனைகளில் இரண்டு, மணல்குழிக்குப் பழகிவிட்டன. கிழட்டுக் கடுவன் மட்டும் எப்போதாவது வேலி தாண்டுகிறதாம். வலை கட்டிய பாத்தியில் கீரை அறுவடைக்கு வந்துவிட்டது. பெண் பூனைக்குக் கருத்தடை செய்யப் பேருந்தில் எப்படிக் கொண்டு போவது என்று மூத்தவர் கேட்கச் சொன்னாராம். காற்றோட்டமுள்ள மூடி போட்ட கூடையில், பழைய துணி விரித்துக் கொண்டு போகலாம் என்று சொல்லியிருக்கிறோம். அறுவை சிகிச்சைக்கு முன் எத்தனை மணி நேரம் தீனி வைக்கக் கூடாது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாசகர்கள் கேட்ட மற்ற கேள்விகள்

‘பூனை கழிவு போட்ட பாத்தியில் விளைந்த கீரையைச் சாப்பிடலாமா?’

கழிவு நேரடியாகப் பட்ட கீரையைப் பிடுங்கிப் புதைத்துவிடுங்கள். மற்றவற்றை வேரை நறுக்கி, ஓடும் தண்ணீரில் மண் போக அலசி, நன்றாக வேக வைத்துச் சாப்பிடலாம். பச்சையாக வேண்டாம்.

‘பூனை பிறாண்டிவிட்டது. வீட்டு வைத்தியம் போதுமா?’

போதாது. கடித்தாலும் பிறாண்டினாலும், காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடங்கள் கழுவிவிட்டு, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வெறிநோய் பூனை மூலமாகவும் பரவும். தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் காயத்தில் வைக்கக் கூடாது.

‘எலிக்கு மருந்து வைத்தேன். பக்கத்து வீட்டுப் பூனை செத்துவிட்டது. நான் பூனைக்கு வைத்ததாகச் சண்டைக்கு வருகிறார்கள்...’

விஷம் தின்ற எலியைப் பிடித்துத் தின்ற பூனையும் சாக வாய்ப்பு இருக்கிறது. பூனை உள்ள தெருவில் எலிப்பொறி, கிட்டிகளைப் பயன்படுத்துவதே நல்லது. மருந்து வைத்தே ஆக வேண்டும் என்றால் பக்கத்து வீடுகளில் முன்கூட்டியே சொல்லுங்கள். செத்த எலிகளை உடனுக்குடன் எடுத்து ஆழமாகப் புதையுங்கள்.